அதே 911தான், ஆனால் வேறு வேலைக்கு

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 2022 ஆகஸ்டில் 911 ஜிடி3 ஆர்எஸ் காரை அறிமுகப்படுத்தியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 296 கிலோமீட்டர். அதே தலைமுறையின் அன்றைய சாதாரண 911 கரேரா 293 கிலோமீட்டர் வேகத்தில் போனது. அப்போது விலையில் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். மூன்று கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்கா இவ்வளவு பணம் என்று கேட்கத்தான் தோன்றும்.

இரண்டுக்கும் நடுவில் ஜிடி3 என்று ஒன்று இருக்கிறது. அன்று அதன் உச்ச வேகம் 318. அதாவது ஆர்எஸ்ஸைவிட 22 கிலோமீட்டர் அதிகம். ஆனால் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் 20.832 கிலோமீட்டர் நீள வடக்குச் சுற்றைக் கடக்க ஜிடி3-க்கு 6 நிமிடம் 59.9 வினாடி ஆனது. ஆர்எஸ் அதை 6 நிமிடம் 49.3 வினாடியில் முடித்தது. நேர்சாலையில் பின்தங்கும் கார், தடத்தில் பத்து வினாடிக்கு மேல் முந்திவிட்டது. டிராக்குக்காகச் செய்யப்படும் கார்களைப் புரிந்துகொள்ள இந்த முரணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வளைவில் ஒரு கார் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை டயரின் பிடிப்புதான் முடிவு செய்கிறது. டயரைத் தரையோடு எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடிப்பு கூடும். அழுத்தத்துக்காகக் காரின் எடையைக் கூட்டினால், அந்த எடையையும் சேர்த்து வளைவில் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும், லாபம் இல்லை. காற்றை வைத்து அழுத்தினால் அந்தத் தொல்லை கிடையாது. டவுன்ஃபோர்ஸ் என்று பந்தயக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஜிடி3 ஆர்எஸ் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று அதை 409 கிலோ அளவுக்குக் கீழே அழுத்துகிறது. 285 கிலோமீட்டரில் அது 860 கிலோ. காரின் எடையே 1,450 கிலோதான்.

பின்னால் கூரையைவிட உயரமாக நிற்கும் இறக்கையை வெறும் பகட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் மேல்பகுதி ஓட்டும்போதே அசையும். நேர்பாதையில் படுத்துக்கொண்டு காற்றுத் தடையைக் குறைக்கும். அதிவேகத்தில் அவசரமாக பிரேக் அடித்தால் நிமிர்ந்து நின்று காற்றையே இன்னொரு பிரேக்காக்கிவிடும். முன்சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகளைக்கூடக் கண்ணீர்த்துளி வடிவில் செய்திருக்கிறார்கள். உச்ச வேகத்தில் அவை மட்டுமே சுமார் 40 கிலோ அழுத்தம் தருகின்றன. வெளியே யார் கண்ணிலும் படாத ஒரு பாகத்தில் இத்தனை அக்கறை! இந்தக் காரில் என்னை அதிகம் கவர்வது இதுதான். ஆனால் இறக்கை பெரிதானால் காற்றின் எதிர்ப்பும் பெரிதாகும். உச்ச வேகம் 296-இல் நின்றுபோனதற்குக் காரணம் அதுவே.

அடுத்தது வெப்பம். சாலையில் யாரும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதில்லை. டிராக்கில் வேலையே அதுதான். ஆர்எஸ்ஸின் முன்பக்கத்தில், கரேராவில் 132 லிட்டர் டிக்கி இருக்கும் இடத்தை, சாய்த்துப் பொருத்திய ஒரு பெரிய ரேடியேட்டர் எடுத்துக்கொள்கிறது. பந்தய 911-களிலிருந்து வந்த ஏற்பாடு இது. ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் சூடான காற்று கூரை வழியாகப் பின்னால் உள்ள இன்ஜினுக்குள் போய்விடாமல், கூரைமேல் உள்ள தடுப்புகள் அதைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிடுகின்றன. பின் இருக்கையும் இல்லை. ஆக, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டுமானால் இருக்கைகளுக்குப் பின்னால்தான் திணிக்க வேண்டும்.

இன்ஜினிலும் குணம் மாறுகிறது. அன்றைய கரேராவில் இருந்தது இரட்டை டர்போ கொண்ட 3 லிட்டர் இன்ஜின், 385 குதிரைத்திறன். அதன் முழு டார்க்கான 450 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 1,950 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். ஆர்எஸ்ஸின் 4 லிட்டர் இன்ஜினுக்கு டர்போ கிடையாது. 525 குதிரைத்திறன் முழுதாக வர 8,500 சுழற்சி வேண்டும். 465 நியூட்டன் மீட்டர் டார்க் 6,300-இல்தான் வரும். நகர நெரிசலில் 2,000 சுழற்சியில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, காகிதத்தில் பலம் குறைந்த கரேராதான் சட்டென்று இழுக்கும். 100 கிலோமீட்டரை எத்தனை வினாடியில் எட்டுகிறது என்ற ஒற்றை எண்ணை வைத்து இந்தக் கார்களை ஒப்பிடுவதில் அதனால்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஆர்எஸ்ஸின் ஸ்டீயரிங்கில் நான்கு திருகு குமிழ்கள் இருக்கின்றன. அதிர்வைத் தணிக்கும் டேம்பர் அமுங்கும்போது எவ்வளவு இறுக்கம், மீளும்போது எவ்வளவு, முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று ஓட்டிக்கொண்டே மாற்றலாம். ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுபவருக்கு இது வரப்பிரசாதம். அலுவலகம் போய் வருபவர் திருகிப் பார்த்து என்ன செய்வார்? டயர் விஷயமும் அப்படியே. நூர்பர்க்ரிங் நேரத்துக்குப் பயன்பட்ட மிஷெலின் கப் 2 ஆர் போன்ற டயர்கள் சூடேறினால் தார்ச்சாலையை விடாமல் பற்றும். குளிரிலும் தேங்கிய மழைநீரிலும் சாதாரண டயரே பாதுகாப்பு.

ஆர்எஸ் என்ற இந்த மரபு 1973 கரேரா ஆர்எஸ் 2.7-இலிருந்து வருகிறது. பந்தய விதிப்படி 500 கார்கள் விற்றாக வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். 1,580 கார்கள் விற்றுப்போயின. இலகுவாக்கிய வகையின் எடை 960 கிலோதான். இன்று இந்தச் சாலை 911-களைத் தவிர, சாலைக்கே வராத இன்னொரு வகையும் உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது 911 ஜிடி3 கப் காரில். அது முழுக்கப் பந்தயக் கார், நம்பர் பிளேட் மாட்டிச் சாலையில் ஓட்ட முடியாது.

ஆர்எஸ் போன்ற ஒன்றை வாங்கும் வசதி உள்ளவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, ஆண்டில் எத்தனை நாள் டிராக்குக்குப் போவோம் என்பதை. அடிக்கடி போவதாக இருந்தால் அந்த விலைக்கு அது தகும். போகமாட்டீர்கள் என்றால் கரேராவை வாங்குங்கள். சாலைக்கு அதுவே மேலான கார்.