மிக்ஸி சத்தமும் மூணு பட்டன் ரிமோட்டும்

ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கிற வீட்டில் மின்சாதனங்களை எப்படி மாற்றி வைக்கலாம் என்று பல பேர் கேட்டிருந்தீங்க. நான் மிக்ஸி, ஃபேன், டிவி ரிப்பேர் பண்றவன். எட்டு வயசுப் பையனுக்கு அப்பாவும்கூட. அவனுக்கு இன்னும் பேச்சு வரல. அதனால கடையில கத்துக்கிட்டதையும் வீட்டுல பார்த்ததையும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல சத்தம். மிக்ஸி ஓடினா நமக்கு எரிச்சல், அவ்வளவுதான். சத்தத்தைக் கூடுதலாக உணர்கிற பிள்ளைக்கு அது வலி. என் மகன் காதைப் பொத்திக்கிட்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே ஓடியிருக்கான். அது அடம் இல்லீங்க, தப்பிக்கிறான். மிக்ஸியைச் சுவரை ஒட்டி வைக்காதீங்க. நாலு காலுக்கும் அடியில் ரப்பர் துண்டு கொடுங்க, அதிர்வு மேடைக்கு இறங்காது. மடிச்ச துணி மட்டும் வேண்டாம். மோட்டாருக்குக் காற்று அடிப்பக்கத் துளை வழியாத்தான் போகுது, அதை அடைச்சா சூடாகிடும்.

இன்னொண்ணு, எதிர்பாராம வர்ற சத்தம்தான் ரொம்பத் தாக்கும். ஜாரை மூடிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணி, சுவர் சுவிட்சை அவனையே போடச் சொல்லுங்க. சத்தம் எப்ப வரும், எப்ப நிக்கும்னு அவன் கையில இருந்தா பயம் குறையும். எங்க வீட்டுல இப்ப சட்னிக்கு சுவிட்ச் போடுறது அவன்தான்.

அடுத்து வெளிச்சம். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய இரும்பு சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். நமக்குத் தெரியாது, சில பிள்ளைகளுக்கு உறுத்தும். மலிவான எல்இடி பல்பிலும் இது உண்டு. செல்போன் கேமராவை பல்புக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. திரையில் கோடு கோடா ஓடினா பல்பை மாத்துங்க.

மூணாவது ரிமோட். இத்தனை பட்டன் எதுக்கு? கெட்டியான அட்டையில் மூணு ஓட்டை வெட்டி, மேல வச்சு டேப் ஒட்டுங்க. ஆன் பண்ண ஒண்ணு, சத்தம் கூட்ட ஒண்ணு, குறைக்க ஒண்ணு. போனில் ஒரே ஆப்பை மட்டும் திறந்து வைக்க ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்', ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்' இருக்கு. பேச்சுக்குப் பதிலாகப் படம் தொட்டுப் பேசும் பிள்ளைக்கு இது ரொம்ப உதவும், பாதியில வேற எங்கேயும் போயிடாது.

கடைசியா பாதுகாப்பு. எதையும் வாயில் வைக்கிற பிள்ளைன்னா, காசு மாதிரி இருக்கிற பட்டன் பேட்டரியை எட்டாம வைங்க. விழுங்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும். சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க, காத்திருக்காதீங்க. பிளக் ஓட்டையில் விரல் விடுற பழக்கம் இருந்தா, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை வச்சுப் பாருங்க. மாசம் ஒரு தடவை அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, கரண்ட் கட் ஆகணும்.

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடாதீங்க. திடீர் மாற்றமே இந்தப் பிள்ளைகளுக்குச் சுமை. வாரத்துக்கு ஒண்ணு போதும். உங்க வீட்டுல எந்தச் சத்தம் பாடாப்படுத்துதுன்னு எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.