கோபுரம் சாய்ந்தால் குரலும் சாயுமா?

கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று எமது ஊரில் இல்லை எனலாம். ஆனால் நாம் பேசும் குரல் எந்த வழியால் போகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? அடுத்த வீட்டுத் தோழியுடன் பேசினாலும் அந்தக் குரல் நேரே அவளிடம் போவதில்லை. முதலில் அருகிலுள்ள கோபுரத்துக்குப் போகிறது. அங்கிருந்து வடம் வழியாகவோ நுண்ணலை இணைப்பு வழியாகவோ தொலைபேசி நிறுவனத்தின் மத்திய நிலையத்தை அடைகிறது. பின்னர்தான் அவளுடைய தொலைபேசிக்குத் திரும்பி வருகிறது.

இது ஒரு நீண்ட சங்கிலி. புயலில் வடம் அறுந்தாலும், மின்சாரம் நின்று கோபுரத்தின் மின்கலம் தீர்ந்தாலும், மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் கொண்டுபோகும் பாதை வெள்ளத்தில் மூழ்கினாலும் சங்கிலி அறுந்துவிடும். அப்படி எதுவும் நடக்காவிட்டாலும், ஊரே ஒரே நேரத்தில் அழைப்பெடுக்கும்போது இணைப்புக் கிடைக்காது. ஆகவே தொலைபேசி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடவும் கூடும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி எமது கரையோரத்துக்கு இது நேர்ந்தது. நான் பிறப்பதற்கு முந்திய கதை. உம்மா சொல்லிக் கேட்டது. என் மாமா அப்போது காலியில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். இங்கும் கடல் வந்தது, அங்கும் கடல் வந்தது. மூன்று நாட்கள் எந்தச் செய்தியும் இல்லை. உம்மும்மா வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. மாமா மௌத்தாகிவிட்டார் என்று நினைத்து யாஸீன் ஓதத் தொடங்கிவிட்டார்களாம். நான்காம் நாள் ஒரு லொறியில் ஏறி அவர் வந்து சேர்ந்தார். “நான் சுகமாக இருக்கிறேன்” என்ற ஒரே வசனம் வந்திருந்தால் அந்த மூன்று நாட்களும் வேறுவிதமாக இருந்திருக்கும்.

அந்த ஒரு வசனத்தைக் கொண்டு சேர்க்கக்கூடிய வழி அன்றும் உலகில் இருந்தது. அதுதான் அமெச்சூர் வானொலி. ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள்.

இலாப நோக்கமின்றி, ஆர்வத்தினால் வானொலித் தொடர்பாடலைக் கற்று, அரசின் அனுமதிப்பத்திரம் பெற்று ஒருவரோடொருவர் பேசுபவர்களே ஹாம் ஆர்வலர்கள். இலங்கையில் அனுமதி வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. ஒவ்வொருவருக்கும் தனியான அழைப்புக்குறி உண்டு. எமது நாட்டின் அழைப்புக்குறிகள் 4எஸ் என்று தொடங்கும்.

இந்த வானொலிக்கு இடையில் கோபுரம் வேண்டியதில்லை. ஒரு கருவி, 12 வோல்ற்றுக் கார் மின்கலம், ஒரு செப்புக் கம்பி ஆகியன போதும். பௌதிகவியல் பாடத்தில் படித்ததை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். மீடிறன் 7 மெகாஹேர்ட்ஸ் எனில் அலைநீளம் ஏறத்தாழ 43 மீற்றர். அதில் பாதி, அதாவது சுமார் 20 மீற்றர் நீளமான கம்பியை இரண்டு தென்னை மரங்களுக்கிடையே கட்டினால் அதுவே அன்ரனா. தாழ்வாகக் கட்டிய கம்பியிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் அலை, அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் பரப்பில் இறங்கும். எமது நாட்டின் நீளம் ஏறக்குறைய 430 கிலோமீற்றர்தான். நேரத்துக்கு ஏற்ற மீடிறனைத் தெரிவுசெய்தால் மலைகளைத் தாண்டியும் கொழும்புடன் பேசலாம். ஊருக்குள் பேச, 144 மெகாஹேர்ட்ஸ் அளவில் இயங்கும் சிறிய கைக்கருவிகள் உள்ளன.

சுனாமியின்போது இலங்கை வானொலிச் சங்கத்தினர் இதைச் செய்துகாட்டினர். அப்போதைய தலைவர் விக்டர் குணதிலக்கவும் அவருடைய நண்பர்களும், தொலைபேசி செயலிழந்திருந்த அம்பாந்தோட்டையைக் கொழும்பிலிருந்த பிரதமரின் அவசர நடவடிக்கை அறையுடன் சிற்றலை வானொலியால் இணைத்தனர்.

வங்காள விரிகுடாவின் மறுபுறத்தில், அந்தமானின் போர்ட் பிளேயரில், பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி அந்நாட்களில் ஹாம் நிலையமொன்றை இயக்கிக்கொண்டிருந்தார். உலகெங்கும் உள்ள ஆர்வலர்களுடன் பேசுவதே அவருடைய பயண நோக்கம். நிலம் அதிர்ந்து தொலைபேசிகள் அடங்கியதும் அந்தப் பொழுதுபோக்கு நிலையமே அவசர நிலையமாயிற்று. தீவுகளில் இருந்தவர்களின் நலச் செய்திகள் அதன் வழியாக இந்தியப் பெருநிலத்திலுள்ள குடும்பங்களைச் சென்றடைந்தன.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒப்பிடும்போது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அம்பாந்தோட்டைக்கு உதவி கொழும்பிலிருந்து புறப்பட்டுப் போக வேண்டியிருந்தது. போர்ட் பிளேயரிலோ கருவியும் பேசத் தெரிந்தவரும் முன்பே அங்கே இருந்தனர். பாதைகள் உடைந்த நாளில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

கருவியை ஒரே நாளில் வாங்கிவிடலாம். அதில் பேசத் தெரிந்தவரை ஒரே நாளில் உருவாக்க முடியாது. அவசர வானொலியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசக் கூடாது. ஒருவர் நெறிப்படுத்துவார், அவர் அழைத்தவரே பேசுவார். உயிராபத்துச் செய்திகளுக்கு முதலிடம், நலச் செய்திகள் அதற்குப் பிறகு. அனுப்புபவர், பெறுபவர், நேரம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். கேட்டதைத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். பெயர் தெளிவாகக் கேட்காவிட்டால் ஆல்பா, பிராவோ, சார்லி என எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு பழகப் பழகத்தான் வரும்.

மொழியும் முக்கியம். இங்குள்ள ஒரு வயோதிபத் தாய் தமிழில் சொல்வதை விளங்கி, இரண்டு வரியில் சுருக்கி, கொழும்பிலுள்ளவருக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டும். சாய்ந்தமருதையும் மருதமுனையையும் மாற்றிக் கேட்டுவிட்டால் மருந்து வேறு ஊருக்குப் போய்விடும். இந்த ஊர்களை அறிந்த பிள்ளைகள்தான் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள்.

ஆகவே கரையோரப் பாடசாலைகளில் வானொலிக் கழகங்கள் தோன்ற வேண்டும் என்பது என் அவா. எமது கல்லூரியிலேயே தொடங்கலாம். அனுமதியின்றி ஒலிபரப்புவது குற்றம் என்பதால், முதலில் அனுமதி பெற்ற ஒருவரை வழிகாட்டியாக அழைக்க வேண்டும். அவர் வரும்வரை பணமின்றிச் செய்யக்கூடியவை பல உண்டு. செய்திப் படிவம் எழுதிப் பழகலாம். ஒரு வகுப்பறையிலிருந்து இன்னொரு வகுப்பறைக்குச் செய்தியை வாய்வழியாகக் கடத்தி, கடைசியில் எத்தனை சொற்கள் மாறின என்று எண்ணிப் பார்க்கலாம். அன்ரனாவின் நீளத்தைக் கணித்துப் பார்க்கலாம். பரீட்சைக்குத் தயாராகலாம்.

இதற்கு வாரத்தில் ஒரு மணித்தியாலம் போதும். தோழியரே, விரும்புபவர்கள் உயர்தர விஞ்ஞானப் பிரிவு வகுப்பறைக்கு வந்து பெயரைத் தாருங்கள். கலைப்பிரிவு மாணவியரும் வாருங்கள்; தெளிவாகப் பேசவும் கவனமாகக் கேட்கவும் தெரிந்தவர்களே அங்கு முதலில் தேவை.