காற்று கற்பிட்டியில், பதக்கம் எங்கே?

சோளகக் காற்று எழும் மே மாதம் வந்துவிட்டால் கற்பிட்டி, கண்டக்குழிக் கரைகளில் உள்ள கைட் (காற்றாடி இழுக்கப் பலகையில் கடலில் சறுக்கும் விளையாட்டு) பாடசாலைகள் நிரம்பத் தொடங்கும். ஒக்டோபர் வரை அந்தப் பருவம். பிறகு டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வாடையோடு இன்னொன்று. மாம்புரிப் பக்கம் காற்றாலைகளைக் கொண்டுவந்த அதே காற்றுதான் ஐரோப்பியப் பயணிகளையும் இங்கே கூட்டி வருகிறது. அவர்களுக்குக் கைட்டை ஏற்றவும் இறக்கவும் கற்றுக்கொடுப்பவர்களில் பலர் இந்தக் கரையிலேயே வளர்ந்த இளைஞர்கள்.

2024 ஓகஸ்டில் கைட் பந்தயம் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நடந்தது. பிரான்ஸின் மார்செய் கடலில் ஆண்களுக்கான தங்கத்தை ஒஸ்திரியாவின் வலன்டின் பொன்டுஸ் வென்றார். பெண்கள் பிரிவில் பிரித்தானியாவின் எல்லி ஓல்ட்ரிஜ். இத்தனைக்கும் ஒஸ்திரியாவுக்குக் கடலே கிடையாது. வருடத்தில் பாதிக்கு மேல் காற்று வீசும் நம் கரைக்கும் அந்த மேடைக்கும் இடையில் என்ன நிற்கிறது? வசதி, பயிற்சி, பணம் எல்லாம் உண்டுதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது, எந்தக் கருவியோடு ஓடலாம் என்று சொல்லும் விதி.

மூன்று வகை விதி

கருவியோடு ஓடும் எந்தப் பந்தயமும் மூன்று வழிகளில் ஒன்றைத் தெரிவு செய்கிறது. முதலாவது, எல்லையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை அணிகளின் கையில் விடுவது. அமெரிக்கா கிண்ணப் பாய்க்கப்பல் போட்டி இந்த வகை. இரண்டாவது, கடையில் விற்பனைக்கு வரும் கருவிகளில் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வது. ஒலிம்பிக்கின் ‘ஃபோமியுலா கைட்’ இப்படி. மூன்றாவது, எல்லோருக்கும் ஒரே கருவி. மார்செய்யில் நடந்த ‘ஐக்யூஃபொயில்’ விண்ட்சேர்ஃபிங் பந்தயத்தில் எல்லோரும் ஒரே நிறுவனத்தின் கருவியோடுதான் ஓடினார்கள்.

கார்ப் பந்தயத்தின் அனுபவம்

இந்த மூன்றுக்கும் இடையில் எழுபது வருடத்துக்கு மேல் அலைந்த விளையாட்டு, அமெரிக்காவின் நாஸ்கார் ஸ்டாக் கார் பந்தயம். 2010இல் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் அதன் ட்ரக் தொடரில் ஓடியதால் தமிழர்களுக்கும் கொஞ்சம் அறிமுகமான பெயர். கடையில் வாங்கிய காரை வாங்கியபடியே ஓட்ட வேண்டும் என்பதுதான் அதன் ஆரம்ப விதி. 1949 ஜூனில் சார்லட் நகரில் நடந்த முதல் பந்தயத்தில் முதலில் எல்லையைத் தாண்டியவர் க்ளென் டனவே. சோதித்துப் பார்த்தபோது பின்பக்க ஸ்பிரிங் மாற்றப்பட்டிருந்தது தெரிந்தது. வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது.

விதி ஒரு ஆபத்தை அடைத்து இன்னொன்றைத் திறந்ததும் உண்டு. 1987இல் டலடேகா ஓடுதளத்தில் பொபி அலிசனின் கார் மேலெழும்பிப் பார்வையாளர் பக்க வேலியைக் கிழித்தது. அடுத்த வருடமே டலடேகாவிலும் டேட்டோனாவிலும் எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடு கட்டாயமானது. வேகம் குறைந்தது. ஆனால் எல்லாக் கார்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடியதால் கூட்டமாக ஒட்டிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. ஒன்று தடுமாறினால் பத்து, இருபது கார்கள் சேர்ந்து மோதும் விபத்துகள் அந்த ஓடுதளங்களின் வழக்கமாகிவிட்டன.

2022இல் வந்த ‘நெக்ஸ்ட் ஜென்’ கார் மூன்றாவது வழியை நெருங்கியது. சட்டகம், கியர்பெட்டி, சில்லு என்று பெரும்பாலான பாகங்களை ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறுவனத்திடம் வாங்க வேண்டும், கைவைக்கக் கூடாது. அந்தப் பருவத்தின் 36 பந்தயங்களில் 19 வெவ்வேறு ஓட்டுனர்கள் வென்றார்கள். விதி வேலை செய்தது. ஆனாலும் போகோனோவில் முதலாவதாக வந்த டென்னி ஹாம்லினும் இரண்டாவதாக வந்த கைல் புஷ்ஷும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். காரின் முகப்பு உறைக்கு அடியில் டேப் ஒட்டப்பட்டிருந்ததுதான் காரணம். ஸ்பிரிங்கில் தேடிய ஆதாயத்தை டேப்பில் தேடும் அளவுக்கு இடைவெளி சுருங்கியிருந்தது.

கைட் விதி வந்த வழி

கைட் பந்தயமும் இதே பாதையில் வந்ததுதான். ஆரம்பத்தில் அகலமான பலகையும் அதன் கீழே நீண்ட ஃபின்களுமாக ஓடினார்கள். புதிய ஃபின் யார் கைக்கு முதலில் வருகிறதோ அவர் பக்கம் வெற்றி சாய்ந்தது. பிறகுதான் பட்டியல் விதி வந்தது. 2012 மே மாதம் சர்வதேச பாய்க்கப்பல் சம்மேளனம் விண்ட்சேர்ஃபிங்கை நீக்கிவிட்டு றியோ ஒலிம்பிக்கில் கைட்டைச் சேர்க்க முடிவெடுத்தது. ஆறு மாதத்தில் அதே சம்மேளனம் அந்த முடிவைத் திருப்பிப் போட்டது. கைட் மார்செய்க்கு வர இன்னும் பன்னிரண்டு வருடம் பிடித்தது.

அந்த இடைவெளிக்குள் ஃபொயில் வந்து எல்லாவற்றையும் மாற்றியது. பலகைக்குக் கீழே ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளக் காபன் தண்டு, அதன் நுனியில் சிறு இறக்கை. வேகம் எடுத்ததும் இறக்கை பலகையைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுகிறது. உராய்வு வெகுவாகக் குறைவதால் மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேலும் பறக்கலாம். மெல்லிய காற்றிலும் பந்தயம் நடத்தலாம். மேலே இருப்பதும் காற்றடித்து உப்பவைக்கும் பழைய கைட் இல்லை. பரசூட் போல அறை அறையாகக் காற்றை வாங்கிக்கொள்ளும் மெல்லிய துணி. ஒரு முழுத் தொகுதிக்குப் பல ஆயிரம் யூரோ ஆகும்.

களப்பில் எது ஓடும்?

கற்பிட்டிப் பாடசாலைகளில் இருப்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ட்வின்-டிப் பலகை. அதன் ஃபின் விரல் நீளம்தான். களப்பில் பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவு. விழுந்தவர் எழுந்து நின்று கைட்டைத் திரும்ப ஏற்றலாம் என்பதாலேயே இது உலகத்துக்குத் தெரிந்த பயிற்சிக் களமானது. அதே தண்ணீரில் ஒரு மீற்றர் ஃபொயில் தண்டு மணலில் குத்தும். மீனவர் வலையிலும் மாட்டும். கற்றுக்கொள்ள வரமாக இருக்கும் ஆழம், ஒலிம்பிக் கருவிக்குத் தடையாகிறது.

விதி வேறாக இருந்திருந்தால்? அதற்கும் சான்று இருக்கிறது. 2018இல் புவனஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில் கைட் பந்தயம் ட்வின்-டிப் பலகையில்தான் நடந்தது. ஆண்கள் தங்கத்தை இருவர் பகிர்ந்தார்கள்: ஸ்லொவேனியாவின் டோனி வொடிஷெக், கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசின் டியூரி கோர்னியல். ஆறு வருடம் கழித்து ஃபொயிலில் நடந்த மார்செய் பந்தயத்தில் வொடிஷெக் வெள்ளி வென்றார். அந்த மேடையில் கரீபியன் இல்லை. வெண்கலம் வென்ற சிங்கப்பூரின் மக்ஸ் மேடர் வளர்ந்தது கற்பிட்டி போன்ற வெப்பமண்டலக் கடலோரத்தில்தான், இந்தோனேசியாவின் வகாடோபித் தீவுகளில். ஆனால் அவருடைய குடும்பம் அங்கே சுற்றுலா விடுதி நடத்துகிறது. ஆறு வயதிலேயே கைட் கைக்கு வந்துவிட்டது.

அடைத்த இடத்தில் கசியும்

பட்டியலைப் பூட்டியதால் செலவு கொஞ்சம் கட்டுப்பட்டது. ஒவ்வொரு மாதமும் புதிய இறக்கை வாங்கத் தேவையில்லை. ஆனால் ஆதாயம் தேடும் ஆசை உடம்புக்கு இடம் மாறியது. பெரிய கைட்டின் இழுவையைத் தாங்கி எதிர்ப்பக்கம் சாய எடை வேண்டும். கைட்டையும் ஃபொயிலையும் மாற்ற முடியாதபோது மாற்றக்கூடியது எடை ஒன்றுதான். ஆண், பெண் இரு பிரிவிலும் முன்னணி வீரர்கள் திட்டம் போட்டு உடம்பை ஏற்றினார்கள். சாப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் ஆள் வைத்திருப்பவருக்கு அது எளிது.

போட்டி முறையும் ஒரு விதிதான். மார்செய் இறுதிச் சுற்றுக்கு, தொடக்கச் சுற்றுகளின் முதல் இரு இடத்தினர் நேரடியாக வந்தார்கள், கையில் முறையே இரண்டும் ஒன்றுமாக வெற்றிக் கணக்கோடு. அரையிறுதி வழியாக வந்தவர்கள் தங்கத்துக்குத் தேவையான மூன்று வெற்றியையும் இறுதியிலேயே பெற வேண்டும். பொன்டுஸ் அந்த நீண்ட வழியில் வந்துதான் தங்கம் எடுத்தார். முதலில் வந்தவருக்குச் சலுகை கொடுத்தும் கடைசிவரை யார் என்று தெரியாமல் வைத்திருந்த விதி அது.

நமக்கு என்ன?

ஒலிம்பிக் கருவியை முடிவு செய்யும் மேசையில் கற்பிட்டி இருக்கும் புத்தளம் மாவட்டத்துக்கு இடமில்லை. ஆனால் உள்ளூரில் எந்த விதியோடு ஓடலாம் என்பதை நாமே முடிவு செய்யலாம். பாடசாலைகளில் ஏற்கெனவே இருக்கும் ட்வின்-டிப் பலகையோடு, கைட் அளவை மட்டும் கட்டுப்படுத்தி ஒரு மாவட்டப் பந்தயம் வைத்தால், பயணிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் இளைஞர்கள் புதிதாக ஒரு சதமும் செலவழிக்காமல் போட்டியாளர்களாகலாம். அதில் தேறுகிறவர்களுக்கு உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் பொதுச் சொத்தாக இரண்டு, மூன்று ஃபொயில் தொகுதிகளும், களப்பை விட்டு ஆழமான தண்ணீரில் பயிற்சியும் அடுத்த படி. வீரரைத் தேடும் முன் கருவி விதியை வாசிப்பது விளையாட்டு அமைச்சுக்கும் நல்லது. எந்தப் பலகை என்று எழுதும்போதே எந்தக் கரையின் பிள்ளைகள் ஓடலாம் என்பதும் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.