சுவருக்குள் புகுந்த ஈரம் எங்கே போகும்?

கேமரன் மலையில் தாத்தா காலத்து வீட்டைப் புதுப்பிக்கும் பலர் முதலில் செய்வது ஒன்றுதான். உரிந்து விழும் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டு, சிமெண்டு பூசி, பளபளக்கும் எண்ணெய்ச் சாயம் அடிப்பார்கள். ஓர் ஆண்டு வரை வீடு புதிதாகத் தெரியும். பிறகு சுவரின் அடிப்பகுதியில் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூசணம் படரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இருமல் கூடும். கொத்தனாரைத் திட்டுவார்கள். அவர் சரியாகத்தான் பூசியிருப்பார். பூசிய பொருள்தான் அந்தச் சுவருக்குப் பொருந்தவில்லை.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். அதுவே 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் 13 கிராம்தான் தாங்கும். மீதி நீர்த்துளியாக மாறியாக வேண்டும். அடுப்பில் சோறு கொதிக்கும் சமையலறையில் ஆவி நிறைந்த காற்று, மலை இரவின் குளிரில் சில்லிட்ட தகரக் கூரையைத் தொடும்போது இதுதான் நடக்கிறது. மழையே பெய்யாத இரவிலும் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுவதைத் தோட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். இதோடு மண்ணிலிருந்தும் நீர் மேலே ஏறுகிறது. செங்கல்லின் நுண்துளைகள் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை இழுக்கும். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர்.

பழைய தோட்ட வீடுகளில் பல, பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டவை. பலகை இடுக்குகளில் காற்று ஓடும். குளிரும், ஆனால் காயும். செங்கல் வீடு போருக்கு முந்தையது என்றால் அதில் சுண்ணாம்புக் கலவை இருக்க வாய்ப்பு அதிகம். சுண்ணாம்புப் பூச்சில் துளைகள் நிறைய உண்டு. உள்ளே ஏறிய ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். அதன் மேல் இறுக்கமான சிமெண்டும் எண்ணெய்ச் சாயமும் ஏறினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் சுவருக்குள்ளேயே தேங்கி, உப்பையும் சேர்த்துக்கொண்டு பூச்சைத் தள்ளுகிறது.

சுண்ணாம்பு வேதியியல் பாடத்தில் வரும் அழகான சுழற்சி ஒன்று. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு) மிஞ்சும். நீர் சேர்த்தால் நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசிய பின் அது காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கி மறுபடியும் கல்லாகிறது. சுடும்போது கல் விட்ட வாயுவில் ஒரு பகுதி இப்படித் திரும்பி வருகிறது. எரிபொருள் விட்ட புகை திரும்பாது. சிமெண்டுச் சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும். மூலப்பொருளும் வெகுதூரத்தில் இல்லை: சிம்பாங் பூலாய் வழியாக மலையேறுபவர்கள் ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டித்தான் வருகிறார்கள்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நம் வழக்கத்திலும் அறிவியல் உண்டு. நீற்றுச் சுண்ணாம்பின் காரத்தன்மை (பி.எச். அளவில் 12-க்கு மேல்) பூசணத்தை வளரவிடாது. மழை சற்றுக் குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இதற்கு ஏற்றவை. சொட்டச் சொட்ட நனைந்த சுவரில் வாயு உள்ளே புக முடியாததால் சுண்ணாம்பு இறுகாது. ஒரு கண்டிப்பு: சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். அது பெரியவர்களின் வேலை.

வீட்டைப் பெரிதாக்குவது வேறு கதை. பின்பக்கச் சரிவை வெட்டிச் சமதளமாக்கி அறை கட்டுவதே பலருக்கும் தோன்றும் வழி. 2011 ஆகஸ்டில் சுங்கை ருயில் பூர்வகுடிக் கிராமத்தில் மண் சரிந்து 7 பேர் இறந்த மலை இது. வெட்டிய சரிவு மழையில் கனத்துப் பிடிமானம் இழக்கும். பூர்வகுடிகளின் வீடுகளைப் பாருங்கள். சரிவை வெட்டாமல், கால்கள் ஊன்றி, அதன்மேல் மரமும் மூங்கிலுமாக எடை குறைந்த வீடு. கூடுதல் அறைக்கு இந்த முறைதான் பாதுகாப்பானது என்பது என் கருத்து. ஆனாலும் பொறியாளர் மண்ணைப் பார்க்க வேண்டும், மாவட்ட மன்ற அனுமதியும் வேண்டும். வீடு தோட்டத்துக்குச் சொந்தமானால் நிர்வாகத்தையும் கேட்க வேண்டும்.

மூங்கில் இயற்கைப் பொருள் என்பதற்காக அப்படியே நட்டுவிடக் கூடாது. அதன் மாவுச்சத்தைத் தின்ன வண்டு வரும். சில மாதங்களில் மாவாகக் கொட்டத் தொடங்கும். 3, 4 ஆண்டு முதிர்ந்த மூங்கிலை வெட்டி, வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். அப்போதும் கால்கள் மண்ணைத் தொடாமல் கல் மேல் நிற்க வேண்டும், கூரை நன்றாக வெளியே நீண்டு சாரலைத் தடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டுச் சுவர் ஈரமாக இருந்தால், செலவு செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள். ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் இடைவெளியின்றி டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கூரை ஒழுக்கு, அடித்தளம், பூச்சு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அறைப் பக்கம் துளி இருந்தால் அது உங்கள் சமையலறை ஆவி. அதற்குப் பூச்சை மாற்ற வேண்டியதில்லை, ஒரு சன்னல் வைத்தால் போதும்.