கரைந்த சேமிப்பும் ஓகஸ்ட் பயணமும்

தெஹிவளையிலும் அதை ஒட்டிய வெள்ளவத்தையிலும் மாதச் சம்பளத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பாடசாலை விடுமுறை நெருங்கும்போது வழமையாக எழும் கேள்வியொன்று 2022 ஆம் ஆண்டுக்குப் பின்னர் புதிய கனம் பெற்றிருக்கிறது. கையில் சேர்ந்த காசில் குடும்பமாக ஒரு பயணம் போவதா, பொருளாதார நெருக்கடியில் கரைந்துபோன சேமிப்பை மீண்டும் நிரப்புவதா என்பதே அக்கேள்வி. இதை ஆடம்பரத்துக்கும் அவசியத்துக்கும் இடையிலான போட்டியாகக் கண்டு உடனே தீர்ப்புச் சொல்லிவிடலாம். ஆனால் இக்குடும்பங்களின் பயணங்கள் பெரும்பாலும் ஊரையும் உறவையும் கோயிலையும் நோக்கியவை என்பதால், அத்தீர்ப்பு இங்கே அவ்வளவு எளிதில் பொருந்துவதில்லை.

சேமிப்பு எவ்வாறு கரைந்தது என்பதை முதலில் நோக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது; இடையே ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயு 2022 ஏப்ரல் முடிவதற்குள் 4,860 ரூபாயானது. பணவீக்கம், அதாவது பொருட்களினதும் சேவைகளினதும் பொது விலைமட்டம் ஓராண்டில் உயரும் வேகம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் 69.8 சதவீதமாக உச்சந் தொட்டது. ஓராண்டுக்கு முன்னர் வைப்பிலிட்ட 1 இலட்சம் ரூபாய், வங்கிப் புத்தகத்தில் குறையாமல் நின்றாலும், பழைய விலையில் ஏறத்தாழ 59,000 ரூபாய்க்குரிய பொருட்களையே வாங்கக்கூடியதாயிற்று. அதன் மேல் மின்கட்டணமும் மருந்துச் செலவும் ஏற, அந்த வைப்பையும் உடைத்தே பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023 இல் நடத்திய ஆய்வில் 60.5 சதவீதமான குடும்பங்கள் தமது மாத வருமானம் குறைந்துவிட்டதாகத் தெரிவித்தன.

இந்த அனுபவத்திலிருந்து பலர் எடுத்த முடிவு, சேர்த்து வைத்த காசு எப்படியும் கரையும், ஆகவே இருக்கும்போதே பிள்ளைகளோடு எங்காவது போய்வருவது மேல் என்பதாகும். பட்ட துன்பத்திலிருந்து பிறந்த இம்முடிவை இகழ முடியாது; ஆயினும் அது அந்த ஆண்டின் பாடத்தில் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பெறுமதி குறைந்த சேமிப்பேனும் கையிலிருந்த குடும்பம் வாடகையைத் தவறாமல் கொடுத்தது. அதுவும் இல்லாத குடும்பம் தாலிக்கொடியை அடைவு வைத்தது. களுபோவில போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், அங்கு கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே மருந்துக் கடையில் வாங்குவதற்கு உடனடிக் காசு வேண்டியிருந்தது.

இன்னொரு மயக்கமும் உண்டு. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாகக் குறைந்தபோது, விலைகள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதுபோல் சிலர் பேசினர். உண்மையில் குறைந்தது ஏறும் வேகமே. ஏறி நின்ற விலை பெரும்பாலும் அங்கேயே நின்றது. ஆதலால் 2021 இல் மூன்று மாதச் செலவுக்குப் போதுமென்று ஒதுக்கிய தொகையை அப்படியே மீண்டும் சேர்த்துவிட்டால் சேமிப்பு மீண்டுவிட்டதாகக் கொள்ள இயலாது. அவசர நிதி என்பது வருமானம் நின்றாலும் வாடகை, உணவு, மின்சாரம், மருந்து, பிள்ளைகளின் வகுப்புக் கட்டணம் ஆகியவற்றைச் சில மாதங்களுக்குத் தாங்கக்கூடிய, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய தொகை. அதை இன்றைய விலையில் புதிதாகக் கணக்கிட வேண்டும். வாடகை வீட்டில் இருப்போர், ஒப்பந்தம் முடியும்போது வேறு வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய முற்பணத்தையும் அதில் சேர்ப்பது நல்லது. ஊழியர் சேமலாப நிதி, தொழிலாளியின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமுமாகச் சேர்வது, முதுமைக்குரியது. ஓய்வுக்கு முன்னர் விரும்பியபோது எடுக்க முடியாத அந்தப் பணத்தை அவசர நிதியாக எண்ணிக்கொள்வது பிழை.

பயணத்தின் பக்கமும் ஒரே தன்மையுடையதன்று. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இரவில் புறப்படும் யாழ்ப்பாண பஸ்ஸில் போய், ஊரில் பெற்றோர் வீட்டிலோ சகோதரர் வீட்டிலோ தங்கி, 25 நாள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாவின் தேரையும் தீர்த்தத்தையும் கண்டு திரும்பும் குடும்பத்துக்குப் போக்குவரத்தும் உறவினருக்குக் கொண்டுபோகும் அன்பளிப்புகளுமே பெருஞ்செலவு. ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போவோர் பருவகால விடுதிக் கட்டணத்தைக் கொடுக்கிறார்கள். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ போய்த் தலயாத்திரையும் கலியாணப் புடைவை வாங்குவதும் சேர்ந்த பயணமோ நாணய மாற்று வீதத்துக்கு உட்பட்டது. டொலர் 2025 இல் 300 ரூபாயை ஒட்டி நின்றதால், கட்டணம் டொலரில் ஒரு சதமும் ஏறாதிருந்தாலும் பழைய ரூபாய்க் கணக்கைவிட அது ஒன்றரை மடங்காகிவிட்டது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் வரும் காலத்தில் செலவு இன்னும் ஏறுகிறது. வான் வாடகையை அவர்கள் கொடுத்தாலும், சரிநிகராக நடந்துகொள்ள வேண்டும் என்ற மானத்தினால் இங்குள்ளோர் விருந்துக்கும் அன்பளிப்புக்கும் தமது அளவுக்கு மீறிச் செலவிடுகின்றனர். அதைப் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசுவது அரிது. பேசப்படவேண்டிய முதற் செலவு அதுவே.

போவதா இல்லையா என்பதைக் காட்டிலும் எந்தக் காசில் போவது என்பதே பல வேளைகளில் கூடிய விளைவை உண்டாக்குகிறது. 2025 இல் ஒரு பவுண் தங்கம் 3 இலட்சம் ரூபாயைத் தாண்டியதால் அதே நகைக்கு முன்னையதைவிடக் கூடிய அடைவுப் பணம் கிடைக்கிறது. அப்பணத்தில் போகும் பயணம் வட்டியோடு வளர்ந்து, மீட்கத் தவறினால் நகையையும் ஏல விற்பனைக்குக் கொண்டுபோகிறது. கடனட்டை வட்டி, நிலையான வைப்புக்குக் கிடைக்கும் வட்டியின் பல மடங்கு. அயலவரும் அலுவலக நண்பரும் சேர்ந்து நடத்தும் சீட்டில், பத்துப் பேர் மாதம் 10,000 ரூபாய் கட்டினால் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 1 இலட்சம் கிடைக்கிறது. கடைசியாக எடுப்பவருக்கு அது சேமிப்பு, முதலில் எடுப்பவருக்கு அது கடன். பயணத்துக்காகச் சீட்டுப் போடுவோர் பிந்திய முறையைக் கேட்டு வாங்குவதே பொருத்தம். நடத்துபவர் நம்பிக்கைக்குரியவராக இருக்கவும் வேண்டும். அவசர நிதிக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என இரு சேமிப்புக் கணக்குகளை வைத்து, மாதம் மிஞ்சுவதில் பெரும்பங்கை முன்னதிலும் சிறுபங்கைப் பின்னதிலும் இடுவது இதனினும் பாதுகாப்பானது.

ஆனால் பயணத்துக்கும் காலவரையறை உண்டு என்பதைக் கணக்குப் புத்தகம் காட்டுவதில்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து சாதாரண தரப் பரீட்சைக்கான வகுப்புகள் விடுமுறையையும் விழுங்கத் தொடங்கும் வரையுள்ள சில ஆண்டுகளே பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரோடு நிம்மதியாகப் போய்வரக் கிடைக்கின்றன. உயர்தரத்துக்குப் பின்னர் பலர் வெளிநாடு போய்விடுகிறார்கள். அதே ஆண்டுகளில் வடமராட்சியிலும் தீவகத்திலும் பேரப்பிள்ளைகளைக் காணக் காத்திருக்கும் அம்மம்மாவுக்கும் தாத்தாவுக்கும் வயது ஏறுகிறது. மூன்று மாத நிதி இன்னும் நிரம்பாத வீட்டில்கூட, ஒரு மாதச் செலவாவது ஒதுக்கி வைக்கப்பட்டு, அடைவும் கடனட்டை நிலுவையும் இல்லாதிருந்தால், ஊர்ப் பயணத்தை இவ்வாண்டே போகலாம். சென்னைப் பயணம் நிதி நிரம்பும் வரை காத்திருக்கலாம்.