வாடகை வீட்டுக்கு வராத சூரிய மின்சாரம்

மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடு பொருத்தினால் ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘சூர்ய கர்’ திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். விண்ணப்பிக்கச் சொந்த வீடும், தகடு தாங்கும் கூரையும், மின் இணைப்பும் இருக்க வேண்டும். சென்னையிலும் திருப்பூரிலும் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம் முதல் நிபந்தனையிலேயே வெளியே நின்றுவிடுகிறது.

துணி காயப்போடுவதற்கே வீட்டு ஓனரைக் கேட்க வேண்டிய மொட்டை மாடி அது. ஓனருக்கும் ஆர்வம் வராது. பணம் அவருடையது, பில் குறைவது குடியிருப்பவருக்கு. குடியிருப்பவரே பணம் போடலாம் என்றால், தகடு உழைப்பது 25 ஆண்டு, வாடகை ஒப்பந்தமோ 11 மாதம்.

சொந்தக் கூரை இருந்தாலும் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எடையையும் காற்றின் இழுப்பையும் தாங்கும் என்று நம்பித் தகடு ஏற்ற முடியாது. நெருக்கமான தெருவில் நிழல் வேறு. தகட்டுக்குள் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒன்றில் நிழல் விழுந்தால் அந்த வரிசையின் மின்னோட்டமே சரிகிறது. பக்கத்து மனையில் மூன்று மாடி எழும்பினால் கேட்பாரில்லை.

என்னை அதிகம் உறுத்துவது பில் கணக்குதான். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் விலை படிப்படியாக ஏறும். ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்தில் 240 யூனிட் தரும். நெட் மீட்டர் அதை மேல்படியிலிருந்து கழித்துக்கொண்டு வருகிறது. ஏசி ஓடும் வீட்டில் மறைவது மிக விலை உயர்ந்த யூனிட்டுகள். இரண்டு மின்விசிறியும் ஒரு டிவியும் உள்ள வீட்டில் கழிவது மலிவான யூனிட்டுகளே. 100-க்குள் அடங்கும் வீட்டில் மிச்சப்படுத்தப் பில்லே இல்லை. ஒரே வெயிலும் ஒரே தகடும் வசதியுள்ளவருக்குத்தான் கூடுதலாகச் சேமித்துக் கொடுக்கின்றன. மானியமோ எல்லோரும் கட்டும் வரியிலிருந்து போகிறது. இது அநியாயம்.

மாற்றுவழி இல்லாமல் இல்லை. மக்களில் பாதிக்கு மேல் வாடகை வீட்டில் வாழும் ஜெர்மனியில், பால்கனிக் கம்பியில் தகடு மாட்டி, 800 வாட் வரை வீட்டு பிளக்கிலேயே செருகிக்கொள்ளலாம். தகுந்த காரணமின்றி வீட்டு உரிமையாளர் மறுக்க முடியாதபடி 2024-இல் அங்கே சட்டம் திருத்தினார்கள். டெல்லியின் விதிகளோ இன்னும் ஒரு படி மேலே போகின்றன: தகடு ஓரிடத்தில் இருக்க, அதன் யூனிட்டுகளைப் பல வீடுகளின் பில்லில் பகிர்ந்து கழிக்கலாம்.

நம் ஊர் அரசுப் பள்ளி மாடியில் இப்படியொரு பொதுத் தகடு அமைத்து, வாடகைக் குடும்பத்துக்கு அதில் ஒரு பங்கு எழுதித்தரலாம். வீடு மாறினால் புது வீட்டின் சர்வீஸ் நம்பருக்குப் பங்கை மாற்றிவிட்டால் போதும். ஆனால் லைன் வீடுகளில் பல குடித்தனங்களுக்கு ஒரே மின் இணைப்பு என்பதால், பங்கைக் கழிக்கத் தனி பில்லே கிடையாது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வைத்ததுதான் விலை. அங்கே முதல் வேலை, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி மீட்டர்.