விவசாய நிலம் என்றால் வங்கி தொட முடியாதா? ஏலமலை அடமானங்களும் செல்லாத வாதங்களும்

கடன் தவணை நின்றுபோய், அடமான நிலத்தையோ வீட்டையோ வங்கி கையகப்படுத்த வரும்போது எழும் வாதங்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில, சட்டம் தந்த உரிமையிலிருந்து வருபவை. சில, சட்ட மொழியை உடுத்திக்கொண்டு வந்தாலும் எந்தச் சட்டத்திலும் இடமில்லாதவை. ‘வங்கி காற்றிலிருந்து பணத்தை உண்டாக்கியது, அதனால் கடனே இல்லை’ என்பது இரண்டாம் வகை. இதை வெறும் உளறல் என்று அடையாளம் காண்பது கடினமில்லை. ஏமாற்றுவது மூன்றாம் வகை: சட்டத்தில் உண்மையாகவே இருக்கும் ஒரு விதியைப் பிடித்து, அது சொல்லாததையும் சொல்வதாக நீட்டுவது. போடிநாயக்கனூர் போல மலைத்தோட்டத்தை நம்பிப் பிழைக்கும் ஊரில் அதிகம் சேதம் செய்யக்கூடியது இந்த மூன்றாம் வகைதான்.

போடியின் பொருளாதாரம் மலையில் விளைகிறது. தோட்டங்களில் பெரும்பங்கு போடிமெட்டைத் தாண்டி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உடும்பன்சோலை வட்டாரத்து ஏலமலையில் இருக்கிறது. ஏலக்காய் விற்பனையோ போடியிலும் வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் மின்னணு ஏலத்தில் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாய் வரை போனது. 2022-ல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. உச்ச விலையை நம்பி தோட்டம் வாங்கியவர், டிரையர் போட்டவர், குத்தகையைக் கூட்டி எடுத்தவர் எல்லோருக்கும் வங்கித் தவணை மட்டும் பழைய அளவிலேயே நின்றது. கைப்பற்றல் நோட்டீஸ் பெரும்பாலும் இப்படிப்பட்ட சரிவுக்குப் பின்னால்தான் வருகிறது.

நோட்டீஸ் வரும் சட்டம் 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம். அதன்படி வங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே அடமானச் சொத்தை எடுக்கலாம். கடன் வாராக்கடன் ஆனதும் 13(2) பிரிவின்கீழ் முதல் நோட்டீஸ் வரும். பாக்கி எவ்வளவு, எந்தச் சொத்து அடமானம், 60 நாளுக்குள் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பவை அதில் இருக்கும். பெரும்பாலோர் தொகையைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் கவனமாகப் படிக்க வேண்டியது கடைசியில் உள்ள சொத்து விவரப் பட்டியலைத்தான். சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை, சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவை பத்திரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் அனுப்பலாம். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். 60 நாள் கழிந்தால் வங்கி 13(4)-ன்கீழ் சுவாதீனம் எடுக்கும். முதலில் கதவில் நோட்டீஸ் ஒட்டி, 2 நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, பெயரளவில் எடுப்பார்கள். ஆள் இறங்கிப் பூட்டுவதற்கு 14-ஆம் பிரிவின்கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ உத்தரவு வாங்குவார்கள். சுவாதீன நடவடிக்கை நடந்த 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். தேனி மாவட்டத்துச் சொத்தென்றால் அது மதுரையில் உள்ள தீர்ப்பாயம்.

ஏலத்தோட்டக்காரருக்கு முதலில் தோன்றும் வாதம் ‘இது விவசாய நிலம், வங்கி தொட முடியாது’ என்பது. இதற்கு வலுவான அடித்தளம் உண்டு. 31-ஆம் பிரிவின் (i) உட்பிரிவு, விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்குச் சர்பாசி பொருந்தாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் விவசாய நிலம் எது என்று சட்டம் விளக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வழக்குகள் நடக்கின்றன. கோவாவில் ஒரு ஓட்டலுக்காக அடமானம் வைத்த நிலம், வருவாய்ப் பதிவேட்டில் இன்னும் விவசாய நிலமாகவே இருப்பதைக் காட்டி, கடனாளியான புளூ கோஸ்ட் ஓட்டல் நிறுவனம் விலக்குக் கேட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இந்தியன் வங்கி வழக்கொன்றில், நிலத்தின் தன்மை, அது எதற்குப் பயன்படுகிறது, எந்த நோக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பவற்றை உண்மை விவரங்களோடு பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. 2023-ல் இன்னும் தெளிவாக, பதிவேட்டில் விவசாயம் என்று இருப்பது மட்டும் போதாது, விலக்குக் கேட்பவரே நிரூபிக்க வேண்டும் என்றது.

அதாவது ஏலச்செடி நின்று, காய் எடுத்து, ஸ்டோரில் உலர்த்தி விற்ற ரசீதுகள் உள்ள தோட்டத்துக்கு இந்த வாதம் வலுவாக நிற்கக்கூடும். அதே சரிவில் செடியை அகற்றிவிட்டு, சின்னக்கானல் பக்கம் போல விடுதி கட்டி அறை வாடகைக்கு விட்ட நிலத்துக்கு, வருவாய்ப் பதிவேட்டு நகலை மட்டும் காட்டிப் பயனில்லை.

இங்கேதான் நீட்டிப்பு தொடங்குகிறது. விலக்கு ஒட்டிக்கொண்டிருப்பது நிலத்தோடு. கடனின் நோக்கத்தோடு அல்ல. தோட்டச் செலவுக்கென வாங்கிய கடனுக்குப் போடி டவுனில் உள்ள வீட்டையும் சேர்த்து அடமானம் வைத்திருந்தால், அந்த வீட்டுக்கு 31(i) எந்தப் பாதுகாப்பும் தராது. விவசாயக் கடனுக்கு வீட்டை எடுப்பது அநியாயம் என்று தோன்றலாம். சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அதைவிடப் பெரிய தவறான புரிதல், விலக்குக் கிடைத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைப்பது. விலக்கு, சர்பாசி என்ற ஒரு குறுக்கு வழியை மட்டுமே அடைக்கிறது. 20 லட்சமும் அதற்கு மேலும் உள்ள பாக்கிக்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்ப்பாயத்தில் வசூல் மனு போட வங்கிக்கு உரிமை உண்டு. அதற்குக் குறைந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் அடமான வழக்கு. அதற்கான காலவரம்பு 12 ஆண்டு. அந்தக் காலமெல்லாம் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கணக்கை விலக்கு வாங்கித் தந்தவர்கள் கட்சிக்காரரிடம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

நிலம் கேரளத்தில், கடன் கொடுத்த கிளை தமிழ்நாட்டில் என்பதால் நடவடிக்கையே செல்லாது என்ற வாதமும் எல்லையோர ஊர்களுக்கு இயல்பாகத் தோன்றக்கூடியது. 2016 திருத்தம் இதற்குப் பதில் தந்துவிட்டது. சொத்து இருக்கும் இடம், கடன் கணக்கு உள்ள கிளை, வழக்குக்குக் காரணம் எழுந்த இடம் ஆகிய மூன்றில் எதன் எல்லைக்கு உட்பட்ட தீர்ப்பாயத்துக்கும் கடனாளி போகலாம். உடும்பன்சோலைத் தோட்டத்துக்கு எர்ணாகுளத்துக்கும் போகலாம்; போடிக் கிளையில் கணக்கு இருந்தால் மதுரைக்கும் போகலாம். நிலத்தை நேரில் கைப்பற்றும் உத்தரவு மட்டும் நிலம் உள்ள இடுக்கியில்தான் வாங்கப்பட வேண்டும். மாநில எல்லை கடனாளிக்கு வாசலைக் கூட்டியிருக்கிறதே தவிர, வங்கிக்கு எதையும் அடைக்கவில்லை.

‘நான் அடமானப் பத்திரம் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, மூலப் பத்திரத்தைக் கொடுத்து வைத்தேன், அவ்வளவுதான்’ என்பது அடுத்தது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(f) பிரிவு அதையே அடமானம் என்கிறது. அரசு அறிவித்த ஊர்களில், கடனுக்குப் பிணையாக என்ற எண்ணத்தோடு பத்திரத்தை ஒப்படைத்தாலே போதும். பத்திரம் கைமாறும் இடம்தான் அறிவிக்கப்பட்ட ஊராக இருக்க வேண்டும்; நிலம் எந்த மலையில் இருந்தாலும் சரி.

வாதங்களிலேயே துணிச்சலானவை, ஆளை உண்டாக்கும் வாதங்கள். சுவாதீனம் எடுக்க அலுவலர் வரும் அன்று, இதுவரை யாரும் கேள்விப்படாத குத்தகைதாரர் ஒருவர் பதிவு செய்யாத பழைய ஒப்பந்தத் தாளோடு தோட்ட வாசலில் நிற்பார். அல்லது சகோதரரோ மகனோ, ‘இது பூர்வீகச் சொத்து, எனக்குப் பங்குண்டு’ என்று சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டுத் தடை கேட்பார். குத்தகை வாதத்தின் எல்லையை 2014 முதல் 2019 வரையிலான உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வரையறுத்திருக்கின்றன. உண்மையில் நடந்த, சட்டப்படி நிரூபிக்கக்கூடிய குத்தகைக்கே மதிப்பு. பதிவில்லாத ஆவணத்தை வைத்துக்கொண்டு நீண்டகாலக் குத்தகை என்று சொல்ல முடியாது. பங்கு வழக்கில் கேட்கும் தடையைப் பொறுத்தவரை, 34-ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை ஏறக்குறைய மூடியிருக்கிறது. வங்கியே மோசடி செய்தது போன்ற சில விதிவிலக்குகளுக்கு 2004-ன் மார்டியா கெமிக்கல்ஸ் தீர்ப்பு சிறு இடம் விட்டிருக்கிறது. உண்மையாகவே பங்கு மறைக்கப்பட்ட சகோதரிகளும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். போலிகள் பெருகியதால் அவர்கள் சொல்வதும் சந்தேகத்தோடே கேட்கப்படுகிறது. இதுதான் இந்த வாதங்களின் மிக மோசமான விளைவு.

கடன் தள்ளுபடிச் செய்திகள் வேறொரு நம்பிக்கையை விதைக்கின்றன. 2016-ல் தமிழ்நாடு அரசு 5,780 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தது, சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். எல்லா விவசாயிகளுக்கும் தர வேண்டும் என 2017 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் அதை நிறுத்தி வைத்து, 2021 நவம்பரில் ரத்து செய்தது. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 12,110 கோடி ரூபாய்த் தள்ளுபடியும் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கே. தேசிய வங்கியிலோ தனியார் வங்கியிலோ பத்திரம் வைத்து வாங்கிய தோட்டக் கடனுக்கு இவற்றில் எதுவும் வராது. வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து வாராக்கடனை நீக்கினாலும் அப்படியே. அது வங்கியின் உள்கணக்கு. கடனாளியின் பொறுப்பு குறைவதில்லை.

இந்த நம்பிக்கையைக் காசாக்குபவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 11 அன்று ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. கடன் தள்ளுபடி வாங்கித் தருவதாகச் சிலர் விளம்பரம் செய்கிறார்கள், எந்த அதிகாரமும் இல்லாமல் ‘கடன் தள்ளுபடிச் சான்றிதழ்’ தந்து சேவைக் கட்டணம், சட்டக் கட்டணம் என்று வசூலிக்கிறார்கள், வங்கிக்குக் கட்ட வேண்டாம் என்றும் சொல்லித் தருகிறார்கள் என்பது அதன் சாரம். கடனாளி ஏற்கெனவே பணமில்லாதவர். அவரிடமிருந்தே கட்டணம் வாங்க முடிகிறது என்றால் பயம் எவ்வளவு பெரிய சந்தை என்று புரியும்.

வெளிநாடுகளில் இந்தத் தொழிலுக்குப் பழைய வேர் உண்டு. 1968-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஜெரோம் டேலி என்ற வழக்கறிஞர், தன் வீட்டுக் கடனுக்கு வங்கி உண்மையான பணம் எதையும் தரவில்லை, கணக்கில் எழுதித் தந்தது அவ்வளவே என்று வாதாடினார். கிரெடிட் ரிவர் என்ற சிறு வட்டாரத்தின் கீழ்நிலை நீதிபதி ஒருவர் அதை ஏற்றுக்கொண்டார். அந்தத் தீர்ப்பு எந்த நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தாதது. டேலியின் வழக்கறிஞர் உரிமமும் பின்னர் பறிபோனது. ஆனாலும் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறையவில்லை. 2012-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாண நீதிபதி ஜான் ரூக், ஒரு விவாகரத்து வழக்கில் எழுதிய நீண்ட தீர்ப்பில் இத்தகைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வகைப்படுத்தி, அவற்றைப் பணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் குருமார்களையும் கண்டித்தார்.

வங்கியின் நடவடிக்கையை உண்மையில் நிறுத்தக்கூடிய வாதங்கள் இவற்றைவிடச் சலிப்பூட்டுபவை. ஆட்சேபத்துக்கு வங்கி பதிலே தரவில்லை, நோட்டீஸ் கடனாளிக்கும் ஜாமீன்தாரருக்கும் முறையாகச் சேரவில்லை, உள்ளூர் மொழி நாளிதழில் விளம்பரம் வரவில்லை, மதிப்பீடு சந்தை விலைக்கு ஒத்துவரவில்லை, முதல் விற்பனைக்கு 30 நாள் அவகாசம் தரவில்லை, பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவு என்பவை அவை. இவற்றில் ஒன்று நிரூபணமானாலே தீர்ப்பாயம் நடவடிக்கையைச் செல்லாதென்று சொல்லி, எடுத்த சொத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் தொல்லை தருவது ரிசர்வ் வங்கி விதிக்கு எதிரானது. அதன் பேரில் புகார் கொடுக்கலாம், கடன் மட்டும் ரத்தாகாது. உயர் நீதிமன்றத்தில் நேராக ரிட் போடுவதை, தீர்ப்பாயம் என்ற மாற்று வழி இருப்பதைக் காட்டி 2010 முதல் உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பத் தடுத்துவருகிறது. தீர்ப்பாயத்தில் தோற்றால் சென்னையில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் பாக்கியில் பாதியைக் கட்டினால்தான் அது கேட்கும், அந்தத் தொகையைப் பாக்கியின் 25 சதவீதத்துக்குக் கீழே குறைக்க முடியாது.

செல்லாத வாதங்கள் தின்பது, சொத்தை மீட்க மிச்சமிருக்கும் நாட்களைத்தான். 2016 திருத்தத்துக்கு முன்பு விற்பனை முடியும்வரை மொத்தப் பாக்கியையும் செலுத்திச் சொத்தை மீட்க இடமிருந்தது. இப்போது 13(8) பிரிவின்படி, பொது ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பு வரை மட்டுமே அந்த உரிமை உண்டு. 2023 செப்டம்பரில் செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒரேமுறைத் தீர்வுக்கு வங்கியுடன் பேசுவதோ, தோட்டத்தின் ஒரு பகுதியை வங்கியின் சம்மதத்தோடு விற்று மீதியைக் காப்பாற்றுவதோ அந்த நாளுக்குள் நடக்க வேண்டும். அறிவிப்பு நாளிதழில் வந்த பிறகு முழுப் பணத்தோடு போனாலும், அதை வாங்கிக்கொண்டு விற்பனையை நிறுத்த வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை.